மலையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு: ராக்கெட் ஏவுதலை முதன்முறை நேரில் காணச் செல்வோருக்கு

ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் சென்று ராக்கெட் புறப்படுவதைக் கண்ணால் பார்க்க விரும்பும் நீலகிரிக்காரர்கள் முதலில் கேட்பவை மூன்று கேள்விகள்தாம்: எந்த ரயில், எங்கே தங்குவது, அனுமதிச் சீட்டு எப்படிக் கிடைக்கும். மூன்றுக்கும் இக்கட்டுரையில் விடை உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏவுதல் தேதி என்பது பத்திரிகை அடித்துக் கொடுத்த கல்யாண முகூர்த்தம் அன்று. அது கடைசி நிமிடத்திலும் மாறும். நான் கோத்தகிரியிலிருந்து நான்கு முறை இறங்கிப் போய், மூன்று ஏவுதல்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்காமல் திரும்பிய அந்த ஒரு முறை, ஏவுதல் ஒரு நாள்தான் தள்ளிப்போனது. அன்றிரவே ஊர் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்ததால், மறுநாள் அதே ராக்கெட்டை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பயணத்தின் ஒவ்வொரு படியையும் அந்தத் தவற்றை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

எந்த ஏவுதலைத் தேர்ந்தெடுப்பது

இஸ்ரோவின் நான்கு வகை ராக்கெட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படுகின்றன. எஸ்எஸ்எல்வி 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்ட சிறிய ராக்கெட். பிஎஸ்எல்வி 44 மீட்டர் உயரம். ஆறு பக்கவாட்டு மோட்டார்களைக் கட்டிக்கொண்டு புறப்படும் அதன் எக்ஸ்எல் வகை 320 டன். ஜிஎஸ்எல்வி ஏறத்தாழ 50 மீட்டர், 420 டன். சந்திரயான்-3 விண்கலத்தை 2023 ஜூலை 14 அன்று ஏற்றிச் சென்ற எல்விஎம்3, உயரத்தில் பிஎஸ்எல்வியைவிடச் சற்றுக் குட்டை என்றாலும் எடையில் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 640 டன். பார்ப்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சமும் ஓசையும் ஏறக்குறைய இந்த எடையைப் பொறுத்தே அமைகின்றன என்பதால், தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்தால் எல்விஎம்3 ஏவுதலுக்குச் செல்லுங்கள். அது ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வரும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்கு பிஎஸ்எல்வியே போதும்; நான் முதலில் பார்த்ததும் அதைத்தான்.

நான்கும் ஒரே மாதிரிக் கிளம்புவதில்லை. பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில் 139 டன் திட எரிபொருள் இருக்கிறது. ரப்பர் போன்ற ஒரு பிசினில் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியப் பொடியையும் கலந்து வார்த்தது அது. அலுமினியம் எரிவதால்தான் தீப்பிழம்பு கண் கூசும் வெண்மஞ்சளாகவும், புகை அடர்ந்த வெள்ளைத் தூணாகவும் தோன்றுகின்றன. (அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு முற்றிலும் புதிதாக இராது. அங்கே தயாராவது துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்குமான மருந்து. வேதியியல் வேறு, ஆனாலும் பங்காளிதான்.) எல்விஎம்3 தரையை விட்டு எழுவதும் இரண்டு பெரிய திட எரிபொருள் மோட்டார்களின் வலிமையில்தான், நடுவிலுள்ள திரவ எஞ்சின்கள் ஏறத்தாழ 110 வினாடி கழித்து வானத்தில்தான் பற்றவைக்கப்படுகின்றன. ஜிஎஸ்எல்வி இதற்கு மாறாக, கவுன்ட் டவுன் சுழியத்தை எட்டுவதற்கு ஐந்து வினாடி இருக்கும்போதே தன் நான்கு திரவ எஞ்சின்களைப் பற்றவைத்துக்கொள்ளும். இதை அறியாமல், நெருப்பைக் கண்டதும் "நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது" என்று பதறியவர் ஒருவர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார்.

நேரமும் முக்கியம். பட்டப்பகல் ஏவுதலில் புகைத்தூண் நன்றாகத் தெரியும், தீ அவ்வளவு தெரியாது. இரவு ஏவுதலில், உதாரணமாக 2024 டிசம்பர் 30 அன்று இரவு 10 மணிக்கு விண்வெளியில் ஒன்றோடொன்று இணையும் சோதனைக்கான ஸ்பேடெக்ஸ் கலங்களுடன் பிஎஸ்எல்வி-சி60 புறப்பட்டபோது நிகழ்ந்ததுபோல், ஸ்ரீஹரிகோட்டாத் தீவு முழுவதும் சில கணம் வெளிச்சமாகும். ராக்கெட்டையும் நெடுந்தூரம் கண்ணால் தொடரலாம். எனக்கு விருப்பமானது விடியலுக்குச் சற்று முன்பும் அந்தி மறைந்த உடனேயும் நடக்கும் ஏவுதல்கள். தரை இருட்டாக இருக்க, மேலே போன புகை மட்டும் சூரிய ஒளியில் நனைந்து இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் விரிவதை அப்போது காணலாம். ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதலான ஜிஎஸ்எல்வி-எஃப்15 கூட 2025 ஜனவரி 29 அன்று காலை 6.23 மணிக்குத்தான் கிளம்பியது.

பருவத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு இரட்டைச் சங்கடம். வடகிழக்குப் பருவமழை அங்கே கடற்கரையை மேகத்தால் மூடுகிறது. இங்கே பர்லியாறு, மரப்பாலம் பக்கம் மண் சரிந்து சாலையை மூடுகிறது. ஏப்ரலுக்கு மேல் வெயில். ஆகவே முதன்முறை செல்வோர் ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஏவுதல் ஒன்றுக்குக் காத்திருப்பது நல்லது.

தேதியை அறிவதும் பதிவு செய்வதும்

ஏவுதல் தேதியை இஸ்ரோ தன் இணையதளத்திலும் சமூக வலைத்தளப் பக்கங்களிலும் அறிவிக்கிறது. அதற்கு முன்பே செய்தித்தாள்களில் "இந்த மாத இறுதியில்" என்றும், ஆர்வலர்களின் பக்கங்களில் நோட்டாம் என்ற பெயரிலும் தேதிகள் உலவத் தொடங்கும். நோட்டாம் என்பது விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இந்த வான்பரப்பில் பறக்க வேண்டாம் என்று பல நாள்களைச் சேர்த்துத்தான் அதில் குறிப்பிடுவார்கள். அதைக் கண்டு விடுப்புக்கு எழுதிக் கொடுக்கலாம். டிக்கெட் எடுக்க வேண்டாம்.

பொதுமக்கள் பார்ப்பதற்காகத் தீவின் நுழைவுப் பகுதியில், விளையாட்டரங்கைப் போன்ற படிக்கட்டு இருக்கைகளுடன் ஒரு காட்சிக்கூடம் கட்டப்பட்டுள்ளது. 2019 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்எல்வி-சி45 புறப்பட்டபோதுதான் மக்கள் முதன்முதலாக அதில் அமர்ந்து பார்த்தார்கள். அனுமதிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். ஏவுதலுக்குச் சில நாள்களுக்கு முன்பு பதிவு திறக்கப்படும். பெரிய ஏவுதல் என்றால் இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். எல்லா ஏவுதலுக்கும் பொதுமக்களை அனுமதிப்பார்கள் என்பதும் இல்லை; கொரோனாக் காலத்தில் கூடம் மூடியே கிடந்தது. ஆகையால், பதிவு உண்டா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

பதிவில் இரண்டு இடங்களில் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். முதலாவது பெயர். நாம் "க. ராஜன்" என்று முன்னெழுத்தோடு எழுதிப் பழகியவர்கள், ஆதாரில் முன்னெழுத்து பின்னால் இருக்கும், அல்லது தந்தையின் பெயர் முழுமையாக விரிந்திருக்கும். நுழைவாயிலில் காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவிலும் இட வேண்டும். குடும்பத்தார் அனைவருக்கும் இது பொருந்தும். இரண்டாவது, நம் ஊர் மின்சாரமும் சிக்னலும். காற்றடித்தால் மரம் விழுந்து மின்சாரம் போகும் ஊர்களில் இருப்பவர்கள், பதிவு திறக்கும் நேரத்தில் சமவெளியில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் விவரங்களை முன்கூட்டியே கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மேட்டுப்பாளையத்து மைத்துனருக்கு. சீட்டு கிடைத்ததும் அதில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளை முழுமையாகப் படியுங்கள்; எதை உள்ளே எடுத்துச் செல்லலாம், எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். சீட்டைக் காகிதத்தில் ஒரு படி எடுத்துக்கொள்வதும் நல்லது, கூட்ட நெரிசலில் கைப்பேசி இணையம் படுத்துவிடும்.

இறங்கிச் செல்லும் வழி

உதகையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலை வழியே 600 கிலோமீட்டருக்கும் மேல். இதை ஒரே மூச்சில் காரில் கடந்து, அதே களைப்போடு ராக்கெட் பார்த்து, உடனே திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், நான் பரிந்துரைக்கமாட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். நமக்கு வாய்த்த மிகச் சௌகரியமான ஏற்பாடு அதுதான். மேட்டுப்பாளையம் வரை மலை ரயிலில் போகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ரயில் மெதுவானது, மழைக்காலத்தில் பாறை உருண்டால் நின்றுவிடும், எனவே அந்த ஆசையைத் திரும்பும் பயணத்துக்கு ஒத்திவையுங்கள். குன்னூர்ச் சாலையில் மண்சரிவு என்று செய்தி வந்தால் கோத்தகிரி வழியாக இறங்குங்கள். மழைக்காலத்தில் இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஏவுதல் நாளன்று காலையில் சென்னை போய்ச் சேருவதுபோல் திட்டமிடாமல், அதற்கு முந்தைய நாள் காலையிலேயே சேருங்கள். திரும்பும் டிக்கெட்டை ஏவுதலுக்கு இரண்டு நாள் கழித்து எடுங்கள். இடைப்பட்ட நாள் வீணாகிவிடாது. ஏவுதல் குறித்த நேரத்தில் நடந்துவிட்டால் தீவுக்குப் போகும் வழியிலுள்ள பழவேற்காடு ஏரியையும் பறவைகளையும் பார்க்க அது பயன்படும்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து, ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்ல இறங்க வேண்டிய சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயில்கள் செல்கின்றன. தொலைவு ஏறத்தாழ 83 கிலோமீட்டர், பயண நேரம் இரண்டு மணிக்கும் மேல். இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தத் தடத்தில் ஓடும் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். பலகையைப் பார்க்காமல் ஏறினால் இன்னும் 35 கிலோமீட்டர் இருக்கையிலேயே இறக்கிவிடப்படுவீர்கள். காரில் செல்வோர் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் போக வேண்டும்.

தங்குமிடம் ஏவுதல் நேரத்தைப் பொறுத்தது. பகல் ஏவுதல் என்றால் சென்ட்ரலை அடுத்த பெரியமேட்டில் ஒரு விடுதி எடுத்துக்கொண்டு காலை ரயிலில் போய் வரலாம். விடியற்காலை ஏவுதலுக்குச் சூலூர்பேட்டையில்தான் தங்க வேண்டும். அங்கே விடுதிகள் குறைவு, தேதி அறிவித்த உடனே நிரம்பிவிடும். இரவு ஏவுதல் முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வரும்போது சென்னைக்குத் திரும்பும் ரயில் இருக்கும் என்று எண்ணாதீர்கள், அதற்கு மட்டும் நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக் கார் பேசிக்கொள்வது நல்லது. பேசும்போதே, ஏவுதல் தள்ளிப்போனால் காத்திருப்புக்கு என்ன வாடகை என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும். சூலூர்பேட்டை ஆந்திரத்தில் இருந்தாலும் தமிழ் பேசிச் சமாளித்துவிடலாம். இஸ்ரோ தலைவர்கள் முக்கிய ஏவுதல்களுக்கு முன்பு வழிபடச் செல்லும் செங்காளம்மன் கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது.

எதை எடுத்துச் செல்வது

மலைக்காரர்கள் செய்யும் பெரிய பிழை உடையில். இரவில் ஸ்வெட்டரோடும் குல்லாவோடும் ரயிலேறியவர், அதே உடையில் கடல் மட்டத்தில் போய் இறங்குகிறார். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஸ்ரீஹரிகோட்டாவோ கடலுக்கும் ஏரிக்கும் இடையில் கிடக்கும் மணல் தீவு. வெயிலைவிட, காற்றில் இருக்கும் ஈரம்தான் நம்மைச் சோர்வடையச் செய்யும். வியர்த்துப் பழகாத உடம்புக்குத் தாகம் எடுப்பதும் தாமதமாகத்தான் தெரிகிறது. ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் அரை மணிக்கொரு முறை நீர் அருந்துங்கள். பருத்தி உடை, தொப்பி, ஒரு துண்டு. வயதானவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால் கோடைக்கால ஏவுதலைத் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தடையால் நம் மாவட்டத்தில் எல்லோரிடமும் எவர்சில்வர் தண்ணீர்க் குப்பி இருக்கிறது. அதை நிரப்பிக் கொண்டுவந்தால் போதும். உணவுக்கு வர்க்கியைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. கெடாது, சிந்தாது, பசி தாங்கும். உள்ளே உணவுப் பொருள்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் சீட்டின் நிபந்தனைகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் இருந்தால் கொண்டு செல்லலாம். 7x50 அல்லது 10x50 வகை பொருத்தமானது. ராக்கெட் கடலை நோக்கி, கிழக்கு அல்லது தென்கிழக்குத் திசையில் போகும் என்பதை மறவாதீர்கள். காலை ஏவுதலில் சூரியனும் அந்தப் பக்கம்தான் இருக்கும். ராக்கெட்டைத் தொடர்ந்துகொண்டே போய்ப் பைனாகுலரால் சூரியனைப் பார்த்துவிட்டால் கண் போய்விடும். பிள்ளைகள் கையில் காலை வேளையில் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

ஏரியைக் கடந்து

சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாதையின் பெரும்பகுதி பழவேற்காடு ஏரியை ஊடறுத்துச் செல்கிறது. இருபுறமும் நீர், அல்லது கோடையில் வெடித்த சேறு. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். அருகிலுள்ள நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். மேலே சொன்ன உபரி நாளுக்கு இவை இரண்டும் போதும். ஏவுதல் நாளில் மட்டும் பறவை பார்க்க நிற்காதீர்கள். ஒற்றைச் சாலை, வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும், சோதனைச் சாவடியிலும் நேரம் பிடிக்கும். சீட்டில் குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே அங்கே இருப்பதுபோல் கிளம்புங்கள்.

கூடத்தில்

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏவுதளங்கள் எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்வது. இரண்டு ஏவுதளங்கள் உள்ளன. எல்விஎம்3 இரண்டாவதிலிருந்து மட்டுமே புறப்படுகிறது, பிஎஸ்எல்வி இரண்டிலிருந்தும் புறப்படும். ஏவுதளம் பல கிலோமீட்டர் தள்ளி, மரங்களுக்கு அப்பால் இருக்கிறது. பெரிய திரையில் ராக்கெட்டைக் காட்டுவார்கள் என்றாலும், கடைசி ஒரு நிமிடத்தில் திரையைப் பார்க்காதீர்கள். மரங்களின் மேல்விளிம்பைப் பாருங்கள்.

கைப்பேசியைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. முதன்முறை பார்ப்பவர் படம் எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதை ஒரு தாங்கியிலோ பையின் மேலோ சாய்த்து, மரங்களும் வானமும் தெரியும்படி வைத்து, இரண்டு நிமிடம் முன்னதாகவே வீடியோவை ஓடவிட்டு, அதன் பிறகு அதைத் தொடாமல் இருங்கள். படம் சுமாராகத்தான் வரும். ஆனால் சுற்றியிருப்பவர்களின் குரலும் ராக்கெட்டின் ஓசையும் பதிவாகும்; பின்னாளில் நீங்கள் திரும்பக் கேட்கப்போவது அவற்றைத்தான்.

இனி அந்த இரண்டு நிமிடங்கள். கடைசி நிமிடங்களில் கணினியே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். சுழியத்தில் மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் பொங்கும், வெண்புகை இருபுறமும் உருளும், பிறகு அந்த வெளிச்சத்தின் நடுவிலிருந்து ராக்கெட் மேலே வரும். இவ்வளவும் நடக்கும்போது ஓசையே இராது. மலையில் இடி இடிக்கும்போது மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணிப் பழகியவர்களுக்கு இதன் காரணம் தெரியும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி எடுத்துக்கொள்கிறது. வெளிச்சம் தோன்றியதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். ஓசை வந்ததும் எண்ணை மூன்றால் வகுத்தால், ஏவுதளத்துக்கும் உங்கள் இருக்கைக்கும் உள்ள தொலைவு கிலோமீட்டரில் கிடைத்துவிடும். அந்த ஓசையை எழுத்தில் கொண்டுவருவது கடினம். முதலில் ஓர் அடிவயிற்று உறுமல்; பிறகு தகரக் கூரையின் மேல் கல் கொட்டுவதுபோல் படபடவென்று வெடித்துக்கொண்டே போகும்; சட்டை நெஞ்சில் அதிர்வதை உணரலாம்.

ராக்கெட் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்பதற்கு நம் ஊர் அளவுகோல் ஒன்றைச் சொல்கிறேன். பிஎஸ்எல்வி எக்ஸ்எல், தரையிலேயே பற்றிய நான்கு பக்கவாட்டு மோட்டார்களோடு கிளம்பி, ஏறக்குறைய 25-ஆவது வினாடியில் மீதி இரண்டையும் பற்றவைக்கும். அப்போது அது இருக்கும் உயரம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதாவது, பேருந்து மேட்டுப்பாளையத்திலிருந்து மூன்று மணி நேரம் முக்கி முனகி ஏறும் உயரத்தை, அரை நிமிடத்துக்குள் அது முடித்துவிடுகிறது.

அதன் பிறகு ராக்கெட் சாயத் தொடங்கும். முதன்முறை வருவோர் திகைப்பது இங்கேதான். "விழுகிறது" என்று யாராவது கட்டாயம் சொல்வார். விழவில்லை. செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற வேண்டுமானால் உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டில் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் அளவிலான வேகம் வேண்டும். அதற்காகத்தான் அது கடலின் மேல் படுத்தவாக்கில் ஓடுகிறது. சூரிய ஒத்திசைவுச் சுற்றுப்பாதைக்கு, அதாவது துருவங்களை ஒட்டி வடக்கு-தெற்காகப் பூமியைச் சுற்றும் பாதைக்குச் செல்லும் பிஎஸ்எல்வி, இலங்கையின் மேல் பறக்காமல் இருப்பதற்காக முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்பும். வானம் தெளிவாக இருந்தால், ஏறத்தாழ 70-ஆவது வினாடியில் பக்கவாட்டு மோட்டார்கள் கழன்று பொறிபோல் விலகுவதையும், 110-ஆவது வினாடியை ஒட்டி முதல் கட்டம் அணைந்து இரண்டாவது கட்டம் மங்கலாகப் பற்றுவதையும் பைனாகுலரில் காணலாம். மேகம் இருந்தால் பத்துப் பதினைந்து வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். மூடுபனி இறங்கி எதிர் வீடு மறைவதைத் தினமும் பார்க்கிற நமக்கு அந்த ஏமாற்றம் புதிதன்று; அப்போதும் ஓசை மட்டும் மேகத்துக்குள்ளிருந்து நெடுநேரம் வந்துகொண்டிருக்கும், அதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

புள்ளி மறைந்ததும் கூட்டம் எழுந்துவிடும். நீங்கள் எழ வேண்டாம். செயற்கைக்கோள் பிரிவதற்குப் பெரும்பாலும் கால்மணி நேரத்துக்கு மேலாகும். அதைத் திரையில் அறிவிப்பார்கள். கண்ணுக்கு அழகாக ஏறிப்போன ராக்கெட் இலக்கைச் சேர்ந்தே தீரும் என்பதில்லை. 2025 மே 18 அன்று காலையில் பிஎஸ்எல்வி-சி61 தரையிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் கிளம்பியது. மூன்றாவது கட்டத்தில் ஏற்பட்ட கோளாற்றால் பயணம் தோற்றது. உட்கார்ந்திருந்து முடிவை அறிந்துகொண்டு கிளம்பினால், வாயிலில் நெரிசலும் தணிந்திருக்கும்.

தள்ளிப்போனால்

தள்ளிவைப்பு மூன்று வகைப்படும். நிமிடக் கணக்கில் தள்ளிவைப்பது முதல் வகை. மேலே சுற்றிக்கொண்டிருக்கும் வேறொரு கலமோ விண்வெளிக் குப்பையோ பாதையில் குறுக்கிடாதிருக்க, ஓரிரு நிமிடம் மாற்றுவார்கள். முன்னர்க் குறிப்பிட்ட ஸ்பேடெக்ஸ் ஏவுதலும் 9.58-இலிருந்து 10 மணிக்கு மாறியதுதான். மணிக்கணக்கில் தள்ளிவைப்பது இரண்டாவது வகை. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் சோதனைக் கலம் புறப்பட 5 வினாடி இருந்தபோது கணினி நிறுத்திவிட்டது; கோளாறைக் கண்டறிந்து காலை 10 மணிக்கு ஏவினார்கள். இடையில் எழுந்து போனவர்கள் ஏமாந்தார்கள். ஆகவே "நிறுத்தம்" என்று கேட்டதும் நகராதீர்கள். "இன்று இல்லை" என்று அறிவிக்கும் வரை இருங்கள். மூன்றாவது வகை நாள்கணக்கு. சந்திரயான்-2 விண்கலத்துக்கான கவுன்ட் டவுன் 2019 ஜூலை 15 அதிகாலையில் 56 நிமிடம் இருக்கும்போது நின்றது. கலம் கிளம்பியது ஜூலை 22 அன்று. ஒரு நாள் தள்ளிப்போனால் காத்திருங்கள், ஒரு வாரம் என்றால் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். புதிய தேதிக்கு உங்கள் பழைய சீட்டு செல்லுமா என்பதையும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டு கிடைக்காதவர்களுக்கு

தமிழ்நாட்டுப் பக்கம் பழவேற்காட்டுக் கடற்கரை இருக்கிறது. ஏவுதளத்துக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே இருப்பதால், ஓசை வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகும், அதுவும் மெல்லியதாக. ஆனால் தடையில்லாத தொடுவானம். கூட்டமும் குறைவு. சென்னையில் மெரினாவும் உயரமான மொட்டை மாடிகளும் உண்டு. வடக்குத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் ஏவுதலும் வாய்த்தால் இதுவே போதும்.

மலையை விட்டு இறங்கவே முடியாதவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். இது என் கணக்கு மட்டுமே. தொட்டபெட்டாவிலிருந்து ஏவுதளம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 460 கிலோமீட்டர், வடகிழக்குத் திசையில், சற்றே கிழக்குச் சாய்வாக. நாம் நிற்கும் உயரத்தால் நம் தொடுவானம் வெகுதூரம் விலகுகிறது. எனவே ராக்கெட் 6 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியதும் அது நமக்குத் தொடுவானத்துக்கு மேல் வந்துவிட வேண்டும். இரண்டாவது நிமிடத்தின் முடிவில், கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் பருமன் உயரத்தில், நகரும் செம்மஞ்சள் நட்சத்திரமாக அது தெரிய இடமுண்டு. இரவு ஏவுதலாக இருக்க வேண்டும். சமவெளியின் மேல் புழுதியும் மேகமும் இல்லாதிருக்க வேண்டும். மலைமுகடு மறைக்காத, வடகிழக்கைப் பார்த்த மாடி வேண்டும், ஏனெனில் தொட்டபெட்டாக் காட்சிமுனையை மாலையிலேயே மூடிவிடுவார்கள். கைப்பேசி நேரலை சில வினாடிகள் பின்தங்கி வரும் என்பதால் அதை நம்பாமல், கடிகாரத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டு பாருங்கள். நான் கோத்தகிரியில் எங்கள் மாடியிலிருந்து இருமுறை முயன்றேன். இருமுறையும் ஏவுதல் குறித்த நேரத்தில் நடந்தது. மூடுபனிதான் அரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது.